அடைக்கியைச் சுற்றிப் பதினோரு எட்டு

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் அடைக்கி தன் வீட்டுச் சாமிகளையெல்லாம் கல் சுமக்கும் இரும்புச் சட்டியில் அள்ளிப் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த பாறைக்காளி படம், அதற்கு இந்தப் பக்கம் இருந்த முருகன், அந்தப் பக்கம் இருந்த பிள்ளையார், பித்தளைக் காமாட்சி விளக்கு, திருநீற்றுக் கிண்ணம், பிள்ளை வரம் கேட்டு ஒன்பது வருசம் தீச்சட்டி எடுத்தபோது கையில் கட்டி அவிழ்த்துவைத்த ஒன்பது காப்புக் கயிறுகள், ஒன்றையும் விடவில்லை. சட்டியைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, அழாமல், யாரையும் பார்க்காமல், செம்பாறைப்பட்டியின் நடுத்தெரு வழியாகக் கோயிலுக்கு நடந்தாள். அவள் ஏதோ வேண்டுதல் செலுத்தப் போகிறாள் என்று நினைத்து எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பூசாரி ஆண்டியப்பன் அப்போதுதான் கோயிலின் புதுக் கருங்கல் படிகளைக் கழுவிவிட்டு ஈரத் துண்டோடு நின்றார். அடைக்கி சட்டியை அவர் காலடியில் இறக்கினாள்.

“இந்தாங்க பூசாரி. உங்க ஆளுகளை நீங்களே வச்சுக்கங்க.”

“தாயி, மனசு கெட்டுப்போயிப் பேசுற. ஆத்தா சோதிப்பா, அப்பறம் அவளே கைகுடுத்துத் தூக்கியும் விடுவா.”

“இல்லாதவ எப்படிச் சோதிப்பா? சோதிச்சது வைரக்கண்ணு. அவனுக்கு வீடு இருக்கு, வெலாசம் இருக்கு.”

சொல்லிவிட்டுச் சட்டியைக்கூடத் திருப்பி எடுக்காமல் போய்விட்டாள்.

பாறைக்காளி கோயிலுக்குப் பின்னால் இருந்த மலையில் பாதியை வைரக்கண்ணு வெட்டி விற்று முடித்திருந்தார். மீதிப் பாதியில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். அடைக்கி அங்கே கல் சுமந்தாள், அவள் புருசன் சித்திரவேலு வெடி வைத்தான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாலு குழியில் மருந்து கட்டித் திரி பற்றவைத்ததில் மூன்று வெடித்தது, நாலாவது வெடிக்கவில்லை. வெடிக்காத குழிக்குப் பக்கத்தில் பொழுது சாயும்வரை யாரும் போகக்கூடாது என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் லாரி நின்றுகொண்டிருந்தது. சித்திரவேலு போனான், போன இடத்தில் குழி வெடித்தது, அடைக்கியின் கைக்கு வந்தது ஒரு சாக்கில் பாதி. அதற்கப்புறம் போலீஸ்காரர் ஒருவர் ஒரு காகிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார். மிதமிஞ்சிய குடிபோதையில், சொல்லச் சொல்லக் கேட்காமல், தானாகவே போய்ச் செத்தான் என்று அதில் எழுதியிருந்தது. சாராய வாடை பட்டாலே குமட்டுகிற மனிதன் அவன். கல்யாணப் பந்தியில் குடித்தவன் பக்கத்தில் இலை போட்டால் எழுந்து வேறு வரிசைக்குப் போகிறவன். செத்ததை அடைக்கி ஒரு காலத்தில் பொறுத்துக்கொண்டிருப்பாள், அந்த ஒரு வரியை அவளால் பொறுக்க முடியவில்லை. பதினாறு நாளும் பாறைக்காளி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதைத்தான் கேட்டாள். நீ மலைமேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த, யாராவது ஒருத்தன் வாயில வந்து நெசத்தைச் சொல்லு, வேற ஒண்ணும் வேணாம் என்று கேட்டாள். பதினாறாம் நாள் கேட்டு முடித்தபோது, தான் ஒரு அச்சடித்த காகிதத்தோடு பேசிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. உச்சி வெயிலில் மொட்டைப் பாறை தெரிவதுபோல, ஒளிய ஒரு இடமில்லாமல், அப்படித் தெரிந்தது.

அது வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து, குழாயடியில். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற ஊர், குடங்கள் தெருமுனைவரை வரிசையில் நின்றன, முதல் குடம் யாருடையது என்று இரண்டு பெண்கள் ஆரம்பித்த சண்டை அவர்கள் மாமியார்களைத் தாண்டி அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. அடைக்கி தன் குடத்தைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். சண்டை பாதிச் சொல்லில் நின்றது. சத்தம் நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்தது, காகம் கத்தியது, மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, எல்லாம் முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. நின்றது தலைக்குள் இருந்த சத்தம். இன்று என்ன ஆக்குவது, அவள் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தாள், மகளை எப்படிக் கரையேற்றுவது, என் தாலிக்கு என்ன ஆகுமோ என்று பிறந்ததிலிருந்து ஒரு கணம் ஓயாமல் உள்ளே அரைத்துக்கொண்டிருந்த அது, கரண்ட் போன மாவு மில்போல ஒரு முனகலோடு நின்றுவிட்டது. இருபது பெண்கள் வாய் திறந்தபடி தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடைக்கி தன் முறை வந்ததும் பிடித்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் எல்லோருக்கும் எல்லாம் திரும்பி வந்தது, சண்டை விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது.

செம்பாறைப்பட்டி கல்லை அடிக்கணக்கில் அளந்து விற்கிற ஊர், ஆகவே இதையும் அளந்தார்கள். அடைக்கி எங்கே இருந்தாலும் அவளைச் சுற்றி எல்லாப் பக்கமும் பதினோரு எட்டு. பதினோராவது எட்டில் நின்றால் தலை காலி. பன்னிரண்டாவது எட்டு வைத்தால், இறக்கி வைத்த மூட்டையை யாரோ திரும்பத் தூக்கித் தலையில் வைத்ததுபோல எல்லாம் வந்து உட்காரும்.

பிறகு ஊர் அதைப் புழங்கப் பழகியது, புது ஆழ்குழாயைப் புழங்கப் பழகியதுபோல. பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் அடைக்கி வீட்டு வழியாகக் கொண்டுபோனார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவள் வாசலில் பத்து நிமிசம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், சாகக் கிடந்து சாக மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்து அவள் வாசலில் வைத்தபோது அவர் கால்மணி நேரம் வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தபடி போனார், தீராத பல்வலிக்காரனுக்கு வலி போகவில்லை, ஆனால் வலியைப் பற்றிய பயம் போனது, அதுவே போதும் என்று அவன் தினம் வந்தான். பஸ்ஸில் அவளை நடுவில் உட்காரச் சொல்லிக் கண்டக்டர் கேட்டுக்கொண்டார். கறிக்கடைக்காரர் ஆட்டை அவள் பக்கத்தில் நிறுத்தி அறுத்தால் துள்ளாது என்று கொண்டுவந்தபோது மட்டும் அவள் விளக்குமாற்றை எடுத்தாள். யாரோ பந்தல் போட்டார்கள், யாரோ பாய் விரித்தார்கள், எதிர்வீட்டில் சுக்குக்காப்பி விற்பனைக்கு வந்தது. ‘அடைக்கிகிட்ட உக்காந்துட்டு வந்தியா’ என்று கேட்பது, ‘முடி வெட்டிட்டு வந்தியா’ என்று கேட்பதுபோல ஆகிவிட்டது.

அவளுக்குள்ளும் அதே அமைதிதான் இருந்தது. சாவுக்குப் பயமில்லை, பிள்ளை இல்லாத ஏக்கம் எந்த மூலையில் தேடினாலும் இல்லை, நாளை என்ற ஒன்றைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் கோபம் இருந்தது. காற்று அடித்தபோதெல்லாம் இப்படியும் அப்படியும் அலைந்த கோபம், காற்று நின்றதும் நேராக நிமிர்ந்து புகையில்லாமல் எரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அமைதியை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோபத்தை யாரும் என்னவென்று கேட்கவில்லை.

ஆண்டியப்பன் முதலில் வரவில்லை. சாமிகளைச் சட்டியில் கொட்டியவள் வாசலுக்கு எந்த முகத்தோடு போவது என்று ஒன்றரை மாதம் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து, பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு எழுந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. முப்பது வருசம் பனியிலும் மழையிலும் விடியுமுன் குளித்து, கார்த்திகை முழுக்க ஒருவேளை உண்டு, பூக்குழி இறங்கி, ஆத்தா என் மனசை ஒருதடவ நிறுத்திக் குடு என்று கேட்டுக்கொண்டே இருந்த மனிதர். நிற்கவில்லை. இங்கே வெறும் தரையில் உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. மறுநாள் மஞ்சளும் மாலையுமாக வந்தார்.

“தாயி, ஆத்தா ஒனக்குள்ள எறங்கியிருக்கா. ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிரு. இது அவ குடுத்ததுன்னு சொல்லிரு.”

“குடுக்கிறவளா இருந்தா ஒங்களுக்குல்ல குடுத்திருக்கணும். முப்பது வருசமா அவளக் குளிப்பாட்டிச் சீலை உடுத்துறது நீங்க.”

வட்டத்துக்குள் இருந்ததால் அவருக்கு அது வலிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து நடந்தவருக்குப் பன்னிரண்டாவது எட்டில் வலித்தது. அங்கிருந்தே திரும்பிக் கையை நீட்டிக் கத்தினார்.

“நம்பாதவளுக்கு எப்படி வரும் இது? சாமியத் தூக்கி எறிஞ்சவளுக்கு எப்படி வரும்? வந்திருந்தா அது வேற என்னமோ.”

“எனக்கு என்ன தெரியும் பூசாரி. நான் இதக் கேக்கல. நான் கேட்டது ஒரே ஒரு நெசமான வார்த்தை. அதத்தான் இன்னும் யாரும் குடுக்கல.”

டவுனிலிருந்து ஒரு மடத்துச் சாமியார் காரில் வந்தார். இவளிடம் கேட்க மூன்று கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாயில் உட்கார்ந்ததும் மூன்றும் மறந்து, பக்கத்திலிருந்த கோழி மண்ணைக் கிளறுவதைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். கார் தெருவைத் தாண்டியபிறகு கண்ணாடியை இறக்கி, இறைவனை ஏற்காத ஞானம் ஞானம் ஆகாது, அது வெறும் மயக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கடவுள் இல்லை என்று மேடைகளில் பேசுகிறவர் ஒருவர் வந்தார். சாமி கும்பிடாமலே இது வருமென்பதற்கு அவள்தான் சாட்சி, கூட்டத்துக்கு வர வேண்டும் என்று கைகூப்பினார்.

“இல்லாதவளப் பத்திப் பேச எனக்கு நேரமில்லங்க. இருக்கிறவனப் பத்திப் பேசணும். போலீஸ் காயிதத்துல எம் புருசன் குடிகாரன்னு எழுதியிருக்கு. அத அழிக்க எங்கூட டேசனுக்கு வர்றீங்களா?”

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் திரும்ப வரவில்லை.

ஐப்பசி மாதம் மழை விட்ட ஒரு மத்தியானம் வைரக்கண்ணு வந்தார். வெடி வெடித்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை என்று ஊரில் பேச்சு. கண் இரண்டும் உள்ளே போய், வெள்ளைச் சட்டை தோளில் தொங்க, கூட்டத்துக்குள் புகுந்து ஒன்பதாவது எட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்தவன் தோளில் தலை சாய்ந்தது, குறட்டை வந்தது. வாயோரம் எச்சில் வழியத் தூங்குகிறவரை அடைக்கி பார்த்தாள். என் புருசனைக் கொன்றவன் என் மடியில் படுத்துத் தூங்குகிறான் என்று நினைத்தாள். எழுந்து வேலிப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவர் திடுக்கிட்டு விழித்து, கன்றுக்குட்டி மாதிரிப் பின்னாலேயே வந்து வேலியோரம் படுத்தார். அவள் மாட்டுக்கொட்டகைக்குப் போனாள், அங்கும் வந்தார். மூன்று நாள் இப்படி நடந்தது.

ஊர் அவருக்காகப் பேசியது.

“விடு அடைக்கி, அவரும் மனுசந்தான.”

“இவ்வளவு பெரிய ஞானம் வந்துருச்சு, இன்னும் எதுக்குக் கோவம்? ஞானிக்குக் கோவம் ஆகாதுல்ல.”

ஆண்டியப்பனும் சொன்னார். “கோவம் இருக்குன்னா அது ஞானமே இல்ல தாயி. ஆத்தாளை நம்பியிருந்தா கோவம் கரைஞ்சிருக்கும்.”

“ஒங்களுக்கெல்லாம் என்னோட ஞானம் வேணும். எம் புருசன் வேணாம்” என்றாள் அடைக்கி.

நாலாம் நாள் பந்தலில் அறுபது பேர் இருந்தார்கள். வைரக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தார். அடைக்கி போய் அவர் தோளைத் தட்டி எழுப்பினாள். இத்தனை நாளும் இங்கே வந்தவர்கள் யாரிடமும் அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. இங்கே யாருக்கும் பயம் இல்லை என்பதும், பயம் இல்லாதவனுக்குப் பொய் தேவைப்படாது என்பதும் அந்தக் கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

“எந்திரிங்க. எம் புருசன் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?”

வைரக்கண்ணு கண்ணைக் கசக்கிக்கொண்டு, நேரம் என்னவென்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். “இல்ல. அவன் குடிக்க மாட்டானே. நான்தான் குழியப் போய்ப் பாருடான்னேன். சாயங்காலம் பாக்கலாம் மொதலாளின்னான். லாரி நிக்குது, இன்னைக்குப் போகாட்டி நாளைக்கு வேலைக்கு வராதன்னேன். போனான்.”

“குடிச்சிருந்தாருன்னு எழுதிக்குடுத்தது யாரு?”

“நான் சொன்னேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டது பூசாரி.”

ஆண்டியப்பன் ஏழாவது எட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“ஆமா தாயி. அன்னைக்குக் காலையில ஏழு மணிக்குச் சித்திரவேலு கோயிலுக்கு வந்தான். நான்தான் அவன் நெத்தியில துன்னூறு பூசிவிட்டேன். அவன் மூச்சு என் மூஞ்சியில பட்டுச்சு. ஒரு வாடையும் இல்ல. கோயிலுக்குப் படிக்கட்டெல்லாம் கருங்கல்லு போட்டுத் தர்றேன்னு மொதலாளி சொன்னாரு. ஆத்தா காரியம், தட்டக்கூடாதுன்னு போட்டேன்.”

அறுபது பேர் கேட்டார்கள். அறுபது முகங்களும் சாந்தமாக இருந்தன. ஒருவர் எழவில்லை, ஒருவர் பல்லைக் கடிக்கவில்லை. இலையில் நின்ற மழைத்தண்ணீர் சொட்டுவதைக் கேட்பதுபோல ஒரு மனிதனைக் கொன்ற கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடைக்கிக்கு அந்த அமைதி அருவருப்பாக இருந்தது. இதையா முப்பது வருசம் குளித்துக் குளித்துக் கேட்டார் இந்த மனிதர், இதற்கா மலைமலையாக நடக்கிறது உலகம் என்று இருந்தது. வேட்டி கட்டிய ஆள்களைத் தாண்டி, பாய்களை மிதித்துக்கொண்டு வெளியே போனாள். அவள் போகப் போக வட்டம் அவர்களை விட்டு விலகியது. பயம் திரும்பி வந்ததும் வைரக்கண்ணு துள்ளி எழுந்தார்.

“நான் ஒண்ணும் சொல்லல. தூக்கத்துல ஒளறினத எவனாவது வெளிய சொன்னா அவனுக்குக் குவாரியில வேலை இல்ல.”

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆண்டியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கோயில் பக்கம் ஓட்டமாக நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் அடைக்கி குவாரிக் குழிக்குள் இறங்கினாள். அன்றைக்கு வெடிக்க வேண்டிய நாலு குழியிலும் மருந்து கட்டியிருந்தது. சித்திரவேலு சிதறிய இடத்துக்கு நேராக, நாலு குழிக்கும் நடுவில், பாறைமேல் உட்கார்ந்தாள். மேலே வந்து நின்றவர்களிடம் ஒன்றுதான் சொன்னாள். “அந்த வரியை அழிக்கணும். அழிக்கிறவரைக்கும் இங்கதான் இருப்பேன். யாரும் எங்கிட்ட வந்து உக்காரக்கூடாது.”

யாரும் வரவும் முடியவில்லை. மருந்துக் குழிகளுக்கு நடுவில் போய் உட்கார எவனுக்குத் துணிச்சல் வரும், பயம் போக வேண்டுமென்றால் பதினோராவது எட்டுக்கு வர வேண்டும், அதுவரைக்கும் பயத்தோடுதான் நடக்க வேண்டும். வேலை நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் கயிற்றில் கட்டித் தூக்குச்சட்டியில் கஞ்சி இறக்கினாள். ஐந்து போலீஸ்காரர்கள் அவளைத் தூக்கிவரக் குறுக்குவழியாக இறங்கினார்கள். பதினோராவது எட்டுக்குள் வந்ததும் அவர்களுக்கு மேலதிகாரி மேல் இருந்த பயம் போய்விட்டது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எதற்காக ஒரு பொம்பளையைத் தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை வெளியே அழைத்துவர ஒலிபெருக்கியில் பொழுது சாயும்வரை கூப்பிட வேண்டியிருந்தது.

ஊரார் தலைக்குள் அந்த மாவு மில் திரும்ப ஓடத் தொடங்கியது. மூன்று மாதம் நின்றிருந்ததால் இப்போது ஓடுகிற சத்தம் யாருக்கும் தாங்கவில்லை. குழாயடியில் மண்டை உடைந்தது, கட்டிக்கொண்டவர்கள் பிரிந்து போனார்கள், ஊரே அவளைத் திட்டியது, எங்க நிம்மதியை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் உட்கார்ந்துவிட்டாளே என்று திட்டியது. அவள் புருசனைப் பற்றிக் கேட்டதை மட்டும் யாரும் பேசவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் ஆண்டியப்பன் குழியின் விளிம்பில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்.

“தாயி, நீ இப்படி உக்காந்திருக்கிறதால ஆர்.டி.ஓ. விசாரணை வச்சிருக்காங்க. திங்கக்கெழம. என்னையக் கூப்பிட்டிருக்கு.”

“தெரியும்.”

“ஆத்தா சன்னதியில மூணு நாளாப் பூப்போட்டுக் கேக்குறேன். ஒருநா வெள்ளை வருது, மறுநா செகப்பு வருது. சொல்லுங்கிறாளா சொல்லாதங்கிறாளான்னு வெளங்கல. அவ உத்தரவு இல்லாம நான் எப்படிச் சொல்ல?”

அடைக்கி அண்ணாந்து பார்த்தாள். எட்டு நாள் வெயிலும் மழையும் பட்ட முகம் பாறையின் நிறத்துக்கு வந்திருந்தது.

“பொய்ச்சாட்சி சொன்னப்ப அவ வாயில சொன்னீங்களா, ஒங்க வாயில சொன்னீங்களா?”

ஆண்டியப்பன் இறங்குகிற பாதையைப் பார்த்தார். நாலு பனை ஆழம். கீழே போய்ப் பதினோரு எட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் இந்த நடுக்கம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

“வராதீங்க” என்றாள். “இங்க வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு ஒரு பெறுமானமும் இல்ல.”

திங்கட்கிழமை விசாரணைக்காக அடைக்கி குழியைவிட்டு ஏறி வந்திருந்தாள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் வைரக்கண்ணுவின் வக்கீல் எழுந்ததும் சொன்ன முதல் விசயம் அடைக்கியைப் பற்றித்தான். அந்தப் பெண்ணின் அருகில் இருப்பவர்கள் சுயநினைவோடு இருப்பதில்லை, பயமோ கவலையோ இல்லாத நிலையில் சொல்லப்படுவதை வாக்குமூலமாக ஏற்க முடியாது, ஆகவே அவளை அப்புறப்படுத்த வேண்டும் என்றார். கோட்டாட்சியர் ஒரு பெண். யோசித்துவிட்டு, அடைக்கி அறுபது அடிக்கு அப்பால், வெளி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். காவலர் ஒருவர் கயிறு பிடித்து அளந்து, புங்கமரத்தடியில் சுண்ணாம்பால் கோடு போட்டார். பயத்தோடு சொன்ன பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டவர்கள், பயமில்லாமல் சொல்லும் உண்மை வேண்டாமென்று கயிறு போட்டு அவளைத் தள்ளி நிறுத்தினார்கள். அவள் மறுக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

கரண்ட் இல்லாததால் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஆண்டியப்பன் எழுந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் கையில் பிடித்திருந்த டம்ளர் மேசையில் தடதடவென்று அடித்தது.

“சித்திரவேலு அன்னைக்குக் குடிக்கலம்மா” என்றார். குரல் பாதியில் அறுந்து, திரும்ப வந்தது. “நான் கையெழுத்துப் போட்டது பொய். கோயில் படிக்கட்டுக்காகப் போட்டேன்.”

வக்கீல் குறுக்கிட்டார். “இவர் அந்தப் பெண்ணோட மயக்கத்துல பேசுறாரு.”

“அவ அந்தா தூரத்துல நிக்கிறா. எனக்கு இங்க ஈரக்கொல நடுங்குது. இந்தா மொதலாளி மொகத்தைப் பாக்கப் பயமா இருக்கு, நாளைக்கு ஊருக்குள்ள எப்படி இருக்கப் போறேன்னு பயமா இருக்கு. மயக்கமா இருந்தா ஏன்யா இப்படி நடுங்குது?”

“சாமி வந்து சொல்லச் சொல்லுச்சோ?” என்று பின்னால் யாரோ கேட்டுச் சிரித்தார்கள்.

ஆண்டியப்பன் திரும்பிப் பார்த்தார். “இல்ல. ஆத்தா ஒண்ணும் சொல்லல. எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். நானாத்தான் சொல்றேன்.”

அதற்குப் பிறகு குவாரி ஆள்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். வைரக்கண்ணு எழுந்து கத்தினார், பிறகு உட்கார்ந்தார். அந்த வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுத ஐந்து மாதம் ஆனது. வைரக்கண்ணு கொஞ்சநாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்து, தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டார். குவாரி சீல் வைக்கப்பட்டு, வேறொரு பெயரில் திரும்பத் திறக்கப்பட்டது. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு மத்தியானம் ஆண்டியப்பன் அலுவலகப் படியிறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாக கேட்டைப் பார்த்து நடந்துவந்தார். இருபது எட்டு தூரத்திலேயே நின்றுவிட்டார். ஏதோ கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவருடைய முகம் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம்போல ஆகியிருந்தது. அடைக்கி இருந்த இடத்திலிருந்து நகரவில்லை, அவரும் கிட்டே வரவில்லை.

“தாயி, நான் தூரத்துலதான் நிக்கிறேன்” என்றார். “ஆனா தலைக்குள்ள சத்தம் இல்ல.”

அவர் அங்கேயே நின்றுகொண்டு, வடக்கே, செம்பாறைப்பட்டி இருந்த திசையில் பார்த்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

“ஆத்தா என்னைய மன்னிப்பாளா?”

அடைக்கியின் கோபம் இத்தனை மாதத்தில் முதல்தடவையாகக் குரலில் வந்தது.

“அவகிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நான்தான இங்க நிக்கிறேன்.”

குவிந்த கைகள் அப்படியே நின்றன. பிறகு அவர் வடக்கேயிருந்து திரும்பி, அவளைப் பார்த்தார், அவர் அவளை நேராகப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

“நீ மன்னிப்பியா தாயி?”

அடைக்கி தனக்குள் பார்த்தாள். உள்ளே மறைக்கவோ கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லாததால் பதில் உடனே தெரிந்தது.

“இன்னிக்கு முடியாது” என்றாள்.

ஆண்டியப்பன் தலையாட்டினார். ஊருக்குப் போகிற மினி பஸ் வந்து நின்றது. அவள் முன்வாசல் வழியாக ஏறினாள், அவர் பின்வாசல் வழியாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.